ஐந்து பஸ், ஒரு கேட், பதினான்கு வருஷம்

என் செல்ல மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதைப்பற்றி அவரே உனக்குப் போனில் விரிவாகச் சொல்லியிருப்பார் என்பதால் நான் அதற்குள் போகவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன், அப்படி இல்லையென்றாலும் அப்படியே பதில் எழுது, எனக்குத் தூக்கம் வரும். இதையெல்லாம் போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய், அப்பா பின்னாலிருந்து திருத்தம் சொல்வார், கடைசியில் மூன்று பேரும் மூன்று கதை பேசிக்கொண்டிருப்போம், அதனால்தான் எழுதுகிறேன். இன்று கிளினிக்கில் கூட்டம் இல்லை. டாக்டர் உள்ளே யாருக்கோ பல்லின் வேர்வரை தோண்டிக்கொண்டிருக்கிறார், அது சீக்கிரம் முடியாது, வெளியே நானும் மீன் தொட்டியும்தான். விஷயம் இதுதான். உன் ஹாரன் மாமாவுக்குத் தண்டனை குறைந்திருக்கிறது. விடுதலை இல்லை, குறைந்திருக்கிறது. எவ்வளவு என்று வரிசையில் வரும்போது சொல்கிறேன், கீழே போய்த் தேடாதே.

நீ அங்கே போன பிறகு நடந்தது என்பதால் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், எனக்கே கோர்ட்டில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் முழுசாகப் புரிந்தது. மாமா இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியது மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ். ஆள் ஏறுவதில்லை என்று அந்த ரூட்டை நிறுத்திவிட்டார்கள். இவன் டெப்போ மேனேஜரிடம் போய்க் கத்தினான். கத்தியதோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். மேனேஜரின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த பஸ் ஸ்டாப்பில் போட்டுவிட்டு, "இதுல உக்காந்து எண்ணிப் பாருங்க சார், எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு" என்று போன் செய்து சொன்னான். வேலை போய்விட்டது. சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான், பாதியோடு எதையும் நிறுத்தத் தெரியாது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஹாரன் அடித்துக்கொண்டு ஓடி ஓடியே அந்தப் பெயரை வாங்கினவன். வேலை போன மாதத்திலேயே விடியற்காலையில் பழைய யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு டெப்போவுக்குள் போய், ஒரு பஸ்ஸை எடுத்து, அதே ரூட்டில் ஓட்டி, வழியில் நின்ற நர்ஸ்களையும் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு மேலே போய் இறக்கிவிட்டு, கடைசி ஸ்டாப்பில் அழகாக ஓரம்கட்டி நிறுத்திவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்து தூங்கியிருக்கிறான். ஏறினவர்கள் டிக்கெட் கேட்டால் சிரிப்பானாம். இப்படி ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. நான் என்னடா இவன் வேலையில்லாமல் இவ்வளவு உற்சாகமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது தடவை டெப்போவில் உஷாராகிவிட்டார்கள். வாசலில் இருந்த காவலாளி பாதி கேட்டைச் சாத்திவிட்டு நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டியிருக்கிறார். இவன் மீதிப் பாதியில் நுழைந்துவிடலாம் என்று நினைத்தான். பஸ் நுழைந்தது, கேட் கழன்றது, அது அந்த மனிதரின் கால்மேல் விழுந்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. இவன் பதறிப்போய் இறங்கி, கேட்டைத் தூக்கி, அவரை அதே பஸ்ஸில் படுக்கவைத்து அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அன்றைக்கு அந்த ரூட்டில் போன ஒரே பயணி அவர்தான். போலீஸ் வரும்வரை இவன் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகுதான் நம் வீட்டுப் புத்திசாலித்தனத்தின் உச்சம். போலீஸ்காரர்கள் நான்கு பஸ் என்றுதான் எழுதியிருந்தார்கள். இவன் வாக்குமூலத்தில், "அஞ்சு சார், மழை பெஞ்ச செவ்வாய்க்கிழமைய விட்டுட்டீங்க" என்று திருத்தினான். நான் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

தண்டனை உனக்குத் தெரியும். ஒரு பஸ்ஸுக்கு இரண்டு வருஷம், அப்படி ஐந்து பஸ்ஸுக்குப் பத்து. கேட்டை உடைத்ததற்கு ஒன்று. காவலாளியின் காலுக்கு மூன்று. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும், ஆக மொத்தம் பதினான்கு. ஐம்பத்துமூன்று வயதில் உள்ளே போனவன் அறுபத்தேழில் வெளியே வருவான். அதே நாளில் அதே கோர்ட்டில் பக்கத்து வீட்டுக்காரரைக் கத்தியால் குத்தின ஒருவனுக்கு ஒன்பது வருஷம் கொடுத்தார்கள். நான் அப்பாவிடம், கூட்டலில் ஏதோ தப்பு இருக்கிறது என்றேன். அவர் கூட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார். அந்த மனிதரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது.

அதற்குப் பிறகு பல மாதம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை, உன்னிடம் சிரித்துப் பேசினதெல்லாம் நடிப்பு. அப்புறம் ஒரு நாள் கன்னம் வீங்கிப்போய் ஒரு பெண் கிளினிக்குக்கு வந்தாள். பெயர் பதியும்போது தொழில் வக்கீல் என்றாள். நான் விடுவேனா. அடுத்தடுத்து தண்டனை கொடுத்தால் ஒன்றுமே செய்ய முடியாதா என்று கேட்டேன். பாவம், மரத்துப்போகிற ஊசி போட்டிருந்தார்கள், அவள் சொன்ன பதில் முழுக்க எச்சிலோடு குழறிப்போய் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு என் மேஜை எதிரிலேயே உட்கார்ந்து, நாக்கு திரும்பி வந்ததும் மறுபடி சொன்னாள். "ஒவ்வொரு தண்டனையும் தனித்தனியா பாத்தா சட்டப்படி சரிதாம்மா, அதுல கை வைக்க முடியாது. ஆனா எல்லாத்தையும் கூட்டினதுக்கு அப்புறம் ஜட்ஜ் ஒரு தடவை தள்ளி நின்னு பாக்கணும், இந்த ஆள் செஞ்ச மொத்தத்துக்கு இந்த மொத்தம் பொருந்துதான்னு. அதை அவர் பாத்த மாதிரியே தெரியல. அப்பீல்ல அதை மட்டும் கேக்கலாம். குத்தம் செய்யலன்னு சொல்லப் போறதில்ல, மொத்தம் அதிகம்னு மட்டும்தான் சொல்லப் போறோம். குறைக்காமலும் போகலாம், அதையும் இப்பவே சொல்லிடறேன்." இலவச சட்ட உதவியில் அவளே வழக்கை எடுத்துக்கொண்டாள். உன் வயதுதான் இருக்கும், உன்னைப் போலவே சாப்பிடாமல் ஓடுகிறாள்.

நான் சந்தோஷமாக ஜெயிலுக்குப் போனால் உன் மாமா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். பார்வையாளர் கூடத்தில் மேஜையெல்லாம் தரையோடு திருகி வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு நான் ஒன்றைத் தூக்கியிருப்பேன். மீசையை எடுத்துவிட்டான், முகமே யாரோ மாதிரி இருக்கிறது. சமையல் பிரிவில் வேலை, காய் நறுக்கி நறுக்கி விரலெல்லாம் பிளாஸ்திரி. "அக்கா, அவர் கால் உடைஞ்சது என்னால. இப்ப போய்த் தண்டனை ஜாஸ்தின்னு கேட்டா, உங்க கால் ஒண்ணும் பெரிசில்லன்னு அவர்கிட்ட சொல்ற மாதிரி ஆயிடும்" என்றான். நான் திட்டினேன், கெஞ்சினேன், மறுபடி திட்டினேன். அப்புறம்தான் அடியில் இருந்தது வெளியே வந்தது. மூன்றாவதாக எடுத்த பஸ் பிரேக் சரிசெய்வதற்காக நிறுத்தி வைத்திருந்ததாம், எடுக்கக்கூடாது என்று மாட்டியிருந்த அட்டை கீழே விழுந்துவிட்டிருக்கிறது, விசாரணையில் நான் வராத ஒரு நாள் மெக்கானிக் சொன்னபோதுதான் இவனுக்கே தெரியும். "அன்னிக்கு பஸ் நிறைய ஆளு, அக்கா. எல்லாரும் பேசிக்கிட்டு வந்தாங்க. அந்த வளைவுல பிரேக் பிடிக்காம போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு தினமும் நினைக்கிறேன்" என்றான். அதுவரைக்கும் எனக்கு அவன் செய்தது கொஞ்சம் கிறுக்குத்தனமாக, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். அந்தப் பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் வீட்டில் அம்மா இருந்திருப்பாள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஆனாலும் அதற்காக பதினான்கா என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது.

(இரு, டாக்டர் கூப்பிடுகிறார். வந்துவிட்டேன். பஞ்சு தீர்ந்துவிட்டதாம், அலமாரியில் அவர் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது.)

அடுத்து நான் என்ன செய்தேன் தெரியுமா, நேராக அந்தக் காவலாளியைப் பார்க்கப் போனேன். அப்பா வேண்டாம் என்றார், போனால் வம்பு என்றார், "உன் தம்பி உன் பாடு, என்னை இழுக்காதே" என்றும் சொல்லிவிட்டார். காவலாளியை இப்போது டெப்போவில் தவறவிட்ட பொருள்கள் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். உள்ளே போனால் கூரைவரைக்கும் குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு கிடார், ஒரு குழந்தை வண்டி. ஒரு செட் பல்லும் இருந்தது, நம் டாக்டர் செய்ததாக இருக்குமோ என்று உற்றுப் பார்த்தேன். பஸ்ஸில் பல்லை விட்டுவிட்டு எப்படி இறங்கிப் போவார்களோ. அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் இன்னார் என்று சொன்னதும் எழுந்திருக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. நான் நின்றபடியே மன்னிப்பு கேட்டேன், அப்பீல் விஷயத்தையும் சொன்னேன், உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்றால் அவன் கையெழுத்துப் போடமாட்டான் என்றும் சொன்னேன். ரொம்ப நேரம் ஒரு குடையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் சொன்னார், "என் காலுக்கு மூணு வருஷம்னு சொன்னாங்க. அது எனக்குச் சேர வேண்டியது. அதுல ஒரு நாள் குறைஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன். மத்த பதினொண்ணுக்கும் எனக்கும் சம்பந்தமில்லம்மா, என் பேரச் சொல்லி அதை யாரும் தூக்கிச் சுமக்க வேண்டாம்." அப்புறம்தான் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். அதை அப்படியே மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேனா இருக்கிறதா என்று கேட்டான்.

அப்பீல் விசாரணைக்கு டாக்டர் லீவு கொடுத்தார், அன்றைக்கு வந்த நோயாளிகள் பட்டபாட்டை இன்னும் சொல்லிக்காட்டுகிறார். கோர்ட்டில் மூன்று நீதிபதிகள், நடுவில் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிற ஒருவர், இடது பக்கம் ஒரு அம்மா, வலது பக்கம் இருந்தவர் கடைசிவரை வாயே திறக்கவில்லை. காவலாளி பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார், ஏன் வந்தார் என்று எனக்கு ஒரே படபடப்பு. அரசாங்க வக்கீல் நல்ல கெட்டிக்காரர். "அஞ்சு விடியற்காலை, அஞ்சு தடவை யோசிச்சு எடுத்த முடிவு. மொத்தமா வாங்கினா தள்ளுபடி குடுக்கறதுக்கு இது என்ன துணிக்கடையா?" என்று கேட்டார். எனக்கே ஆமாம் என்று தலை ஆடிவிட்டது, சட்டென்று நிறுத்திக்கொண்டேன். நம் வக்கீலம்மா எழுந்தாள். தள்ளுபடி கேட்கவில்லை என்றாள். "ஒரே கோபம், ஒரே மாசம், ஒரே ரூட். எடுத்த பஸ் ஒண்ணையும் விக்கல, உடைக்கல, ஒளிச்சு வைக்கல. மழை பெஞ்ச செவ்வாய்க்கிழமை பஸ்ஸ போலீஸ் கண்டுபிடிக்கல, இவரே சொன்னார், அந்த உண்மைக்கு மட்டும் தனியா ரெண்டு வருஷம் கிடைச்சிருக்கு. காவலாளியோட காலுக்குக் குடுத்த மூணு வருஷத்தைக் குறைக்கச் சொல்லி நாங்க கேக்கல. மத்ததைக் கூட்டி வர்ற எண்ணிக்கை இந்த மனுஷனுக்குப் பொருந்துதான்னு மட்டும் பாருங்க" என்றாள். அந்த அம்மா நீதிபதி, வெளியே வரும்போது இவருக்கு என்ன வயதாகியிருக்கும் என்று கேட்டார். அறுபத்தேழு என்றதும் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு பிரேக் பஸ்ஸைப் பற்றிக் கேட்டார். நம் வக்கீலம்மா கையிலிருந்த காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, "அதை நான் சின்ன விஷயம்னு சொல்ல மாட்டேங்க" என்றாள். நான் பயந்துபோனேன். ஆனால் அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

இதற்கு நடுவில் உன் அப்பா. வரமாட்டேன் என்று சொன்னவர் எனக்குத் தெரியாமல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறார். வந்தவர் மாடி மாறி வேறு கோர்ட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கே இரண்டு சகோதரர்கள் ஒரு மதில் சுவருக்காகச் சண்டை. நம் வழக்கு இப்போது வரும், அப்போது வரும் என்று மதியம்வரை அதையே கேட்டிருக்கிறார். சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனில் என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அந்தச் சுவர் தம்பிக்குத்தான் சேரணும்" என்பதுதான். இன்றைக்கும் ராத்திரி சாப்பிடும்போது அந்தச் சுவரைப் பற்றித்தான் பேசுகிறார்.

சாயங்காலமே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். நடுவில் இருந்தவர் படித்தார், நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவர் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லாமல் இருந்தது அன்றைக்கு அந்த ஒரு பத்து நிமிஷம்தான். காலுக்கு மூன்று வருஷம் அப்படியே இருக்கும். கேட் உடைந்ததும் கால் உடைந்ததும் ஒரே நொடியில் நடந்தவை என்பதால் அந்த ஒரு வருஷம் இந்த மூன்றோடு சேர்ந்தே ஓடும். பிரேக் பழுதான பஸ்ஸுக்கு இரண்டு வருஷம், அது தனி, அதில் இருந்தவர்களின் உயிரை மறந்துவிட முடியாது. மீதி நான்கு பஸ்ஸுக்கும் தண்டனை ஏக காலத்தில், அதாவது எல்லாம் ஒன்றாக ஓடும், அது ஒரு இரண்டு வருஷம். ஆக ஏழு. தனித்தனியாக ஒவ்வொன்றும் நியாயமாக இருந்தாலும் மொத்தம் அந்த மனிதனின் குற்றத்தைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது என்று படித்தார், அந்த வரி எனக்கு மனப்பாடம். பிறகு மாமாவைப் பார்த்துப் புரிந்ததா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்காரவேண்டியதுதானே. "புரிஞ்சுது ஐயா. பிரேக் பஸ்ஸத் தனியா வச்சது சரிதான்" என்றான். வக்கீலம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். நீதிபதி, உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை என்று சொன்னார், ஆனால் கண்ணாடியைக் கழற்றிய கை கொஞ்ச நேரம் வாயை மறைத்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த காலமும் கழியும், நன்னடத்தைக்கு இன்னும் கொஞ்சம் குறையும். எப்படிப் பார்த்தாலும் அறுபதுக்குள் வந்துவிடுவான். ஏழும் சின்னதில்லைதான், எனக்குத் தெரியும். ஆனால் பதினான்கு என்றிருந்தபோது நான் அவன் வெளியே வருவதைப் பார்க்க இருப்பேனா என்று நினைத்துக்கொண்டே தூங்குவேன், இப்போது வந்தால் எந்த அறையைக் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டு தூங்குகிறேன்.

வெளியே வராந்தாவில் காவலாளி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். மூன்று வருஷம் குறையாமல் இருந்ததில் திருப்தியா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், "அவரைப் பாக்க என்னிக்கு விடுவாங்க? ஒரு விஷயம் கேக்கணும்" என்றார். போன ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தார், எனக்கு ஏன் ஒத்துக்கொண்டோம் என்று ஆகிவிட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் மாமா எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான். மன்னிப்பு கேட்க ஆரம்பித்தான், அவர் அதைக் கையால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். "முதல் நாலு தடவையும் கேட்டுல டியூட்டி எனக்குத்தான். நான் தூங்கிட்டேன்னு எழுதிட்டாங்க. வீட்டுலகூட அப்படித்தான் நினைக்கிறாங்க. நான் தூங்கல. சத்தியமா தூங்கல. எப்படி வெளிய போனீங்க?" என்று கேட்டார். மாமா திருதிருவென்று முழித்தான். "நீங்க எங்கண்ணே தூங்கினீங்க? நீங்கதான் கேட்டைத் திறந்து விட்டீங்க. முதல் ட்ரிப் பஸ்ஸெல்லாம் வரிசையா கிளம்பும்போது நானும் வரிசையில வந்தேன். நாலு தடவையும் எனக்குக் கை காட்டினீங்க. ஒரு நாள் பின்னாடி லைட் எரியலன்னு நிறுத்திக்கூட சொன்னீங்க, நான் இறங்கிப் போய்த் தட்டிச் சரிபண்ணிட்டுப் போனேன்." அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது, அழுகிறார் என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன், பார்த்தால் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். ஓரத்தில் நின்ற ஜெயில் காவலரைக் கூப்பிட்டு, "கேட்டீங்களா சார், நான் தூங்கல" என்றார். என்னிடம் சொன்னார். அடுத்த மேஜையில் யாரோ ஒரு குடும்பம், சம்பந்தமே இல்லாதவர்கள், அவர்களிடமும் சொன்னார், "நான் தூங்கலைங்க, லைட்டு எரியலன்னுகூடச் சொல்லியிருக்கேன்!"

உள்ளே சத்தம் நின்றுவிட்டது, இனி ஆள் வெளியே வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பணம் கட்டுவார், நான் முடித்துக்கொள்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சாயங்காலத்துக்குள் சேர்ந்துகொண்டு, நீண்ட காலம் நிறைவாக இருக்கவேண்டும், அம்மாவின் ஆசி உங்களுக்கு எப்போதும் உண்டு, அப்பாவின் ஆசியும் உண்டு, அந்தச் சுவர் யாருக்கு என்று நீ என்ன நினைக்கிறாய் என்றும் கேட்கச் சொன்னார். மறக்காமல் மாமாவுக்கு நாலு வரி எழுது, முகவரியைத் தனியாக அனுப்புகிறேன். ஆனால் சாவி, பூட்டு, பஸ் என்று உன் வழக்கமான கேலியெல்லாம் வேண்டாம், அங்கே கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா